வழி எழுதாத தீர்ப்பு

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. எட்மண்ட் அண்ணனிடம் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் கத்தாமல் இருந்திருந்தால் அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரிந்தே இருக்காது.

அவருக்கு அண்ணனூர் ஷெட்டில் வேலை. மின்சார ரயில் பெட்டிகளின் பிரேக்கைப் பழுது பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் செஸ் சங்கத்துக்கு அவர்தான் நீதிபதி. அம்பத்தூரில் ஒரு சர்ச் ஹாலில் ஆடுவோம். சாயங்காலம் ஐந்தரைக்குப் பாட்டுப் பயிற்சிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள், ஹாலைக் காலி செய்தாக வேண்டும். முடியாத ஆட்டங்களில் காய்கள் நின்ற இடத்தை ஒரு தாளில் வரைந்து அண்ணனிடம் கொடுப்போம். அடுத்த ஞாயிறு தீர்ப்போடு வருவார். யாருக்கு வெற்றி, எந்த வழியில், எதிராளி எப்படித் தப்பிக்கப் பார்ப்பான், அதற்கு என்ன பதில், எல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் முத்து முத்தாக எழுதியிருக்கும். பதினெட்டு வருஷம். ஒருத்தர் மறுபேச்சுப் பேசியதில்லை.

காய்களை வாரிக் கொடுத்துவிட்டு ராஜாவைத் துரத்துகிற ஆட்டம் வந்தால் மட்டும் அவர் பாடு திண்டாட்டம். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். காய் கொடுத்தவர் பக்கம் உட்காரவே மாட்டார். வாங்கியவர் பக்கம் உட்கார்ந்து, அந்த ராஜாவைக் காப்பாற்ற வாரம் முழுக்கப் போராடுவார்.

"அடிக்கிறவனுக்கு எல்லாமே அழகாத்தான் தெரியும் நைனா. அடி வாங்குறவன் எடத்துல குந்திப் பாரு, அப்பத்தான் நெசம் தெரியும்" என்பார்.

தொண்ணூற்று மூன்றில் அந்த அடி வாங்குகிறவன் நானே ஆனேன். எனக்குக் கறுப்பு, எதிரே வெள்ளைக் காய்களோடு லத்தீஃபா. பூந்தமல்லி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், பாரிவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். அதிர்ந்து பேசாத பெண். அன்றைக்கு ஒரு குதிரையைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பிஷப்பையும் கொடுத்தாள். இதென்னடா தர்ம சத்திரம் என்று அதையும் வாங்கிப் போட்டேன். பதிலுக்கு அவளுக்குக் கிடைத்தது இரண்டு சிப்பாய்களும், நடுத்தெருவில் நிற்கிற என் ராஜாவும்தான். மணி ஐந்தரை ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறு தீர்ப்பு வந்தது. "வெள்ளைக்கு வெற்றி. கறுப்பு ஆறு நாள் ஒளிந்து பார்த்தது. இடம் கிடைக்கவில்லை." அவ்வளவுதான். ஒரு நகர்த்தல்கூட எழுதவில்லை.

"வழி எங்கண்ணே?" என்றேன்.

"தெரியல வீரா."

"தெரியாமயே எய்திட்டீங்களா? ரெண்டு காய் எனக்கு எக்ஸ்ட்ரா கீது! கண்ணு அவிஞ்சா போச்சு?"

அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நான் அதோடும் நிற்கவில்லை. என் மச்சான் மனோகரன் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினான். அதில் செஸ் ஆடுகிற புரோகிராம் ஒன்று இருந்தது. அதையே கேட்டுவிடுவோம் என்று சவால் விட்டேன்.

அண்ணன் தாளை மடித்துப் பையில் வைத்தார். "சரி. நான் சொன்னது தப்புன்னு அது காட்டிச்சுன்னா, இனிமே நான் தீர்ப்பு எய்தமாட்டேன்" என்றார்.

அந்த மனிதருக்கு வேறென்ன இருந்தது? மனைவி தெரசா போய்ச் சேர்ந்து நாலு வருஷம், பிள்ளைகளும் இல்லை. அந்தத் தாள்கள்தான் அவருடைய வாரம். அது தெரிந்தும் சரி என்றேன், பாவி.

மறுவாரம் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போனோம். மனோகரன் ஒவ்வொரு காயாகத் திரையில் நிறுத்தினான். யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று ஒரு எண் வந்தது. கறுப்புக்கு மூன்றரை அதிகம்.

"பாத்தீங்களா!" என்று குதித்தேன். லத்தீஃபா தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணன் அந்த எண்ணைப் பொருட்படுத்தவே இல்லை. "மனோகரு, பொட்டியைக் கறுப்புப் பக்கம் குந்த வை. யம்மா லத்தீஃபா, நீ ஆடு. என்னவிட நல்லா ஒளியுதான்னு பாப்போம்."

ஒளிந்தது ஐயா, என்னமாய் ஒளிந்தது! ஏழு ஜென்மத்திலும் எனக்குத் தோன்றாத சந்துபொந்துகளில் என் ராஜாவை இழுத்துக்கொண்டு ஓடியது. ஒவ்வொரு முறையும் தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதைக் கரெக்டாகப் பிடித்தது. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "அடேங்கப்பா, இத்த நான் பாக்கவேயில்லையே" என்று இரண்டு தடவை சொன்னார். ஜெயிப்பது என் பக்கம்தான், ஆனாலும் அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டாவது நகர்த்தலுக்கு லத்தீஃபா கால் மணி நேரம் யோசித்தாள். செக் வைப்பாள் என்று பார்த்தால், ஓரத்தில் சும்மா நின்ற யானையை ஒரே ஒரு கட்டம் தள்ளச் சொன்னாள். செக் இல்லை, வெட்டு இல்லை, ஒன்றுமில்லை. திரையில் எண் இன்னும் ஏறியது. கறுப்புக்கு நாலு. மனோகரன் உச்சுக் கொட்டினான்.

எனக்கு மட்டும் உடம்பெல்லாம் புல்லரித்தது. அது என் ராஜா. பதினைந்து நாளாக அதோடு படுத்து எழுந்தவன் நான். அது ஓடுவதற்கு மிச்சமிருந்த கடைசிக் கதவை அந்த யானை அடைத்துவிட்டது. மெஷினுக்கு அது இன்னும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. தோற்பதில் இவ்வளவு அழகு இருக்கும் என்று யார் கண்டது? கண் கலங்கிவிட்டது.

"போதும், நிறுத்துங்க. நான் தோத்துட்டேன்" என்றேன். "மன்னிச்சிருங்கண்ணே. நீங்க எய்துனதுதான் கரெக்ட்டு."

அண்ணன் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சு வீரா. எனக்கு இன்னும் தெரியல. ஆடவுடு நைனா."

அந்த எண் தலைகீழாக வெள்ளைப் பக்கம் விழ இன்னும் நாலு நகர்த்தல் ஆனது. அதுவரை அவர் மூச்சு விட்டதாக எனக்குத் தோன்றவில்லை.