சிக்னல் தேடி ஒரு கிரிவலம்

தென்றல் மூன்று வருஷம் தேசம் தேசமாகச் சுற்றினாள். 2008-இல் அடி அண்ணாமலையில் இருந்த வீட்டுக்குத் திரும்பியபோது, முதுகில் ஒரு கிழிந்த பை, கையில் ஒரு சின்ன வீடியோ கேம். சீட்டு சேர்த்து, சேர்த்த சீட்டை வைத்துச் சண்டை போடும் கேம். "எத்தினி மாதிரி மனுஷங்களப் பாத்துட்டேன் தெரியுமா?" என்று வீட்டில் பீற்றிக்கொண்டாள். பார்த்தது நிஜம்தான். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள். மறுபடி திரைக்குள் குனிந்துகொள்வாள்.

எல்லாச் சீட்டும் சேர்ந்துவிட்டன, நீலக் கழுகு மட்டும் பாக்கி. தனியாக ஆடுகிறவர்களுக்கு அது கிடைக்காது. அதே கேம் வைத்திருக்கும் இன்னொருவர் பக்கத்தில் வந்தால், ஒயர் இல்லாமலே இரண்டு பெட்டியும் பேசிக்கொள்ளும், அப்போது மாற்றிக்கொள்ளலாம். ஆக, அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். உலகம் சுற்றியவளிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டத்தில் ஒருவரிடமாவது இருக்காதா? கழுகு கிடைத்ததும் அடுத்த வாரம் நேபாளம். டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது.

பௌர்ணமியன்று கிளம்பியவளை அம்மா சந்திரகலா வாசலில் நிறுத்தினாள். "உலகத்தச் சுத்தி முடிச்சிட்டு இப்ப மலையா? போ, நல்லதுதான். கையில இன்னாடி டப்பா?"

"சிக்னல் தேடும்மா."

"சாமி கும்புடப் போறவளுக்கு சிக்னல் எதுக்குடி?"

பெட்டியைத் திறந்து பிடித்தபடி நடந்தாள். கூட்டத்தில் பக்கத்தில் வந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "மந்திரப் பொட்டியா? சத்தமே வரலியே," என்று பரிதாபப்பட்டாள்.

குபேர லிங்கத்தருகே திரையில் ஒரு பெயர் மின்னியது: உண்ணா. அடுத்த நிமிஷமே மங்கியது. ஆள் பின்னால் தங்கிவிட்டார்! தென்றல் சட்டென்று திரும்பி, வரும் கூட்டத்துக்கு எதிரே ஓடினாள்.

"யம்மா, எல்லாரும் வலம் வராங்க, நீ மட்டும் இடம் வர்றியே!"

"புண்ணியம் ஜாஸ்தியாப் போச்சாம், திருப்பிக் குடுக்கப் போவுது!"

இளநீர்க் கடை பெஞ்சில், அதே போன்ற பெட்டியோடு ஒரு பெண். பெயர் உண்ணாமலை. ஆசிரமப் பக்கம் ஒரு விடுதியில் ரிசப்ஷன் வேலை. ஊருக்குக் கிளம்பிய விருந்தாளி ஒருத்தி பரிசாகக் கொடுத்த பெட்டி.

"ஒவ்வொரு பௌர்ணமிக்கும் திறந்து வச்சினு உக்காந்திருப்பேங்கா. இன்னைக்குதான் ஒருத்தர் மாட்டினீங்க."

மூன்று ஆட்டம் ஆடினார்கள். மூன்றிலும் தென்றல் தோற்றாள். இத்தனை நாளும் ஜெயித்தது தன் திறமையால் இல்லை, மெஷின்தான் விட்டுக்கொடுத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீலக் கழுகு இருக்கா?"

"ரெண்டு இருக்கு. பொட்டி குடுத்தவங்க சேத்து வச்சது."

"ஒண்ணு மாத்திக்கலாமா? அடுத்த வாரம் நேபாளம் போறேன். நான் ஒரே ஊர்ல இருக்கிற ஆள் இல்ல."

உண்ணாமலை பெட்டியை டக்கென்று மூடினாள். "அப்ப தர மாட்டேன். குடுத்துட்டா போயிடுவீங்க. அப்புறம் நான் யார் கூட ஆடுறது? அடுத்த பௌர்ணமிக்கு வாங்க, பாக்கலாம்."

தென்றல் வீடு திரும்பியதும் அம்மா கேட்டாள், "கெடச்சுதா சிக்னலு?"

"கெடச்சுது. அடுத்த பௌர்ணமி என்னிக்கும்மா?"

"அப்ப நேபாளம்?"

"அது எங்க ஓடிப் போவுது," என்றாள் தென்றல், தன்னைத் தவிர வேறு யாரோ பேசியது போல.