சின்னவளின் கறுப்புத் திரை

எங்கள் வீட்டுச் சின்ன மருமகளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்டால் ஆளுக்கு நாற்பது சொல்வார்கள். பெரிய மருமகள் நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

மாமனாருக்கு மரச்சாமான் கடை. கடைக்கு வெப்சைட் வேண்டுமென்று முதலில் சொன்னது நான். நாற்காலிகளை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுப் படம் எடுத்தது நான். அந்தப் படங்களை வெப்சைட் இருக்கும் சர்வரில் ஏற்ற, மவுசால் ஒவ்வொரு கோப்பாக இழுத்து விடுவேன். நடுவில் இன்டர்நெட் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அரை நாள் போய்விடும். ஆனால் அந்த அரை நாளும் கல்லாவுக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. அடுக்களையிலிருந்து ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

அப்புறம் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இவள் வந்தாள். ஏதோ கம்பெனியில் சர்வர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவளாம். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே பொங்க விடுவாள். காய்ந்த துணி கொடியிலேயே கிடந்து மழையில் நனையும். ஆனால் கணினியில் எழுத்து மட்டும் ஓடும் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி கட்டளை தட்டினால், மாறிய கோப்புகள் மட்டும் தாமாகவே போய் ஏறிக்கொள்ளும். முதல் நாளே டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மாமா வாயைப் பிளந்தார்.

"இனிமே சின்னவளே பாத்துக்கட்டும். பெரியவ பாவம், எவ்வளவு கஷ்டப்படுறா!"

பாவமாம்! அதோடு அந்த மேஜையும் அவளுக்குப் போனது.

அன்று மாலையே என் லேப்டாப்பிலிருந்து, யாரிடமும் சொல்லாமல், புதுக் கட்டில்களின் படங்களைப் பழையபடி நேராகச் சர்வரில் ஏற்றினேன். மேஜைதானே போயிற்று, கை இருக்கிறதே. மறுநாள் காலை அவள் தன் வரியைத் தட்டினாள். கடைக் கணினியில் இல்லாத எதுவும் சர்வரிலும் இருக்கக் கூடாது என்று அந்த வரியிலேயே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். என் கட்டில்கள் மொத்தமும் போய்விட்டன.

முந்தின நாள் அவற்றைப் பார்த்து மயங்கிய விடுதிக்காரர் போன் போட்டார். மாமா கத்தினார்.

"கட்டில் படமெல்லாம் எங்கம்மா? மொத்தமா வாங்குற ஆளு, கைநழுவிப் போகப்போறாரு!"

சின்னவளின் முகம் சுண்டிப்போனது. மறைப்பானேன், எனக்கு இனித்தது.

"அக்கா, உங்ககிட்ட அந்தப் படமெல்லாம் இருக்கா?"

லேப்டாப்பை மெல்ல, ராணி மாதிரி எடுத்து வந்தேன். நான் மவுசைத் தொடுவதற்குள் அவள் படங்களைப் பென்டிரைவில் எடுத்துக் கடைக் கணினியில் போட்டு, அதே வரியைத் தட்டிவிட்டாள். கட்டில்கள் திரும்பி வந்தன.

"பாத்தியா பெரியவளே, கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள கொண்டுவந்துட்டா!" என்றார் மாமா.

படம் என்னுடையது, பாராட்டு அவளுக்கு.

"நான் எங்க மாமா கொண்டுவந்தேன்? அழிச்சதுதான் நான். அக்கா பத்திரமா வச்சிருந்தாங்க, தப்பிச்சோம். இனிமே அக்காவக் கேக்காம எதையும் ஏத்த மாட்டேன்" என்று எழுந்து, அந்த நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டாள்.

உட்கார்ந்தேன். மேஜை திரும்பக் கிடைத்தது, அவள் கொடுத்து. பாவி, கொஞ்சம் கெட்டவளாகவாவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?