கரை தட்டிய டிரான்ஸ்பார்மர்

பாறசாலை தமிழ்ப் பக்கம் போகுமா மலையாளப் பக்கம் போகுமா, நெய்யாற்றின்கரை எந்தப் பக்கம் போகும் என்று ஊரே வாதாடிக்கொண்டிருந்த எல்லைக் கிளர்ச்சி ஆண்டுகள். கூரை ஓடு சுடும் எங்கள் கம்பெனியில் முதலில் போனது கரண்டுதான். அதுவும் மத்தியானத்தில், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை.

நான் அங்கே எலக்ட்ரீசியன். டிரான்ஸ்பார்மருக்குக் கோளாறு வந்தால் சுவிட்ச் தானாக விழும்படி, ஓர் இரும்புப் பலகையில் ரிலே பொருத்தியிருந்தார்கள். சுவிட்ச் விழுந்தால் மண் அரைக்கும் எந்திரம் நின்றுவிடும். எண்ணெயைப் பார்த்தேன், கேபிளைச் சோதித்தேன், சூட்டைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டேன். ஒன்றும் அகப்படவில்லை. பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதி எழுதி என் கையெழுத்து அழகாகிவிட்டது.

மேனேஜருக்குக் காரணம் தெரிந்திருந்தது. எந்திரங்களுக்கு எண்ணெய் விடுகிறவர், கம்பெனியில் எல்லோருக்கும் அண்ணன், தமிழ்க் கூட்டங்களுக்குப் போகிறவர். கரண்டை வேண்டுமென்றே நிறுத்துவது அவர்தான் என்பது மேனேஜரின் கணக்கு.

“எடோ, நாளை வைகுந்நேரம் அஞ்சு மணிக்குள்ளே காரணம் எழுதித் தா. இல்லெங்கில் அவன் தன்னெ காரணம்” என்றார் தம் மலையாளத் தமிழில். அண்ணனுக்கு வேலை போகும், போலீசும் வரும்.

அண்ணனிடம் சொன்னேன். “கூட்டத்துக்குப் போனது உண்டு மக்கா. உன் பலகையத் தொட்டது இல்ல. நாளைக்கு உன் முன்னால வந்து இருக்கேன். நீயே பாத்துக்கோ.”

மறுநாள் சாப்பாட்டுக்குப் பின் வந்து, கவிழ்த்த தகரத்தின் மேல் உட்கார்ந்து, மாப்பிள்ளைபோலக் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் பலகையோரம் என் ஸ்டூலில் அமர்ந்து அவரைக் காவல் காத்தேன்.

ஈர மண் வாசனை. டிரான்ஸ்பார்மரின் ஒரே சுருதி. வயிற்றில் மீன்குழம்பு இருந்தால் அந்தச் சுருதி பொழியூர்க் கடலாகிவிடும். படகு வந்தது. துடுப்பில்லாமல், எண்ணெய் நிறத் தண்ணீரில், என்னை ஏற்றிக்கொண்டு மெல்ல மிதந்தது. தூரத்தில் எங்கள் சூளைப் புகைபோக்கி கடலுக்குள் நின்றது. தினமும் வரும் படகுதான். கரை நெருங்கியது. தட்டியது.

விழித்தேன். எந்திரச் சத்தம் இல்லை.

“பாத்தீங்களா, போயிட்டு” என்றேன்.

“பாத்தேன். உன் தலையாக்கும்.”

“என்ன தலை?”

“ஆடி ஆடிப் போயி பலகையில இடிச்சுது. இடிச்சதும் போச்சு. எலே, கரண்டு போனதுனால முழிச்சேன்னு இல்லா நெனச்சிருக்க?”

அப்படித்தான் நினைத்திருந்தேன். பலகையில் ஒரு வட்டக் கறை இருந்தது. டிரான்ஸ்பார்மர் எண்ணெய் கசிகிறதோ என்று போன வாரம் நான் கவலைப்பட்ட கறை. முகர்ந்தேன். நான் தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய். சுவிட்சைப் போட்டுவிட்டு அதே இடத்தில் குட்டினேன், விழுந்தது. பின்னால் ரிலேயின் திருகு தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டுக் குட்டினேன், விழவில்லை.

பதிவேட்டில் ‘திருகு தளர்ச்சி’ என்று எழுதி நிறுத்தப் பார்த்தேன். தளர்த்தியது யார் என்று மேனேஜர் கேட்பார், விரல் மறுபடியும் அண்ணன் பக்கமே நீளும். பக்கத்தில் ‘உறக்கம்’ என்று சேர்த்தேன். எல்லையை எங்கே போட்டாலும் அந்தச் சொல் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

“உறக்கமோ? ஆருடெ உறக்கம்?” என்றார் மேனேஜர்.

“என்டெ தான் சார்” என்று, தலை பலகையில் இடித்ததைச் செய்து காட்டினேன்.

மேனேஜர் என் தலையைப் பார்த்தார். அண்ணனிடம் “போயி எண்ணெய் விடடோ” என்றார். பிறகு என் ஸ்டூலைத் தம் கையாலேயே தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகும் மத்தியானங்களில் படகு வந்தது. அதில் உட்காரத்தான் இடமில்லை.