மேரு சாலையில் என் இரண்டு கைகள்

அவசரப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். விபத்தில் அடிபட்டவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் இன்று காலை, வேலை முடிந்து வரும் வழியில், மேரு சாலையில் பயந்துபோனேன்.

லோரி மோதி, மோட்டார் சைக்கிளில் வந்தவர் கீழே கிடந்தார். ஹெல்மெட்டைக் கழற்றப் போனவரிடம், "அண்ணே, கழட்டாதீங்க. கழுத்துல அடி இருக்கலாம்" என்றேன். மண்டியிட்டு, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, என் கால் இருக்கா?"

"இருக்கு தம்பி. விரலை அசைங்க, பார்ப்போம்."

அசையவில்லை.

மருத்துவமனை என்றால் டாக்டரைக் கூப்பிடுவேன். இங்கே என் கைகள் மட்டும்தான்.

"இன்னொரு தடவை, தம்பி."

பெருவிரல் லேசாக ஆடியது. ஆம்புலன்சில் ஏற்றும்போதும் ஆடியது.

வீட்டுக்கு வந்தால், கணவர் மோட்டார் சைக்கிள் சாவியோடு நிற்கிறார். "வா லா, ரொட்டி சானாய் சாப்பிட்டு வரலாம்."

நடந்தே போனோம். நீங்களாக இருந்தால் ஏறியிருப்பீர்களா?