கறிக்கடைக்காரரின் தாடை

கறிக்கடைக்காரருக்கு எதைக் கண்டும் முகம் சுளித்துப் பழக்கமில்லை. முப்பது வருடமாகக் குடலைக் கழுவுவார், தலையைப் பிளப்பார், அதே கையால் மீசையையும் தடவிக்கொள்வார். மனைவியும் சளைத்தவள் இல்லை. ரத்தக்கறை படிந்த சட்டைகளை மூச்சுக்காட்டாமல் துவைத்துப் போடுவாள். அப்பேர்ப்பட்டவளை வீழ்த்தியது ஒரு பல் செட்டு. ஒரு மதியம் அவர் சிரித்த சிரிப்பில் கீழ்ச்செட்டு கழன்று, எச்சில் ஒழுக அவள் தட்டில் போய் விழுந்தது. அன்றிலிருந்து அவள் சமையலறையில் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். தன் வாயை நினைத்தால் அவருக்கே குமட்டியது.

எதிரே காலியாகக் கிடந்த அந்த நாற்காலிக்காகத்தான் பல் டாக்டரிடம் போனார். கழலாத பல் வேண்டும் என்றார்.

"பல்லத் தாங்குற திருகாணி நிக்க எலும்பே இல்லயே," என்றாள் டாக்டர். பல் போன இடத்தில் தாடை தேய்ந்து பள்ளமாகியிருந்தது. "முதல்ல எலும்பு வெச்சுக் கட்டணும். சுத்தம் பண்ணின மாட்டெலும்புத் தூள் இருக்கு. இறந்தவங்க தானமாக் குடுத்த எலும்பு இருக்கு. செயற்கைத் தூளும் இருக்கு, ஆனா உங்க பள்ளத்துக்கு அது மட்டும் போதாது. இல்லன்னா உங்க கடவாய்க்குப் பின்னாலயே ஒரு துண்டு வெட்டி எடுத்து வெக்கலாம்."

முப்பது வருடத்தில் முதல்முறையாக அவர் முகம் சுளித்தார். மாட்டெலும்பைக் கூடை கூடையாகக் குப்பையில் கொட்டியவர் அவர். அதில் மொய்க்கும் ஈக்கள் கண்ணுக்குள் வந்தன. செத்தவன் எலும்பு என்றால், உயிரோடு இருந்தபோது அவன் என்ன கருமத்தை மென்றானோ.

"கிருமி எதுவும் இருக்காதுங்க."

கிருமிக்கு யார் பயந்தது.

சொந்த எலும்பா? தன்மேல் கத்தி என்றதும் தாடையைக் கையால் பொத்திக்கொண்டார். மாட்டுத் தூளை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் மனைவி கேட்பாள். கிழட்டு மாட்டைக் கிழட்டு மாடு என்றே சொல்லி விற்ற வாய்க்குப் பொய் வராது. உண்மையைச் சொன்னால் நாற்காலி காலியாகவே கிடக்கும்.

"என்னையே வெட்டுங்க," என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

ஒரு வாரம் கன்னம் வீங்கி, ரத்தமும் எச்சிலுமாகத் துப்பிக் கிடந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கஞ்சியை வைத்துவிட்டுப் போவாள். எலும்பு கூடி, திருகாணி ஏறி, பல் வந்துசேர ஒரு வருடம் ஆனது.

புதுப் பல்லோடு அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் தட்டும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்றாள். ஒரு வருடமாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டாள்.

"உள்ள எந்த எலும்ப வெச்சாங்க?"

"என்னோடதுதான். கடவாயில வெட்டி எடுத்தாங்க."

"உங்களையே வெட்டிக்கிட்டீங்களா? சீ." அருவருப்பில் அவள் முகம் கோணியது. பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க, வாயத் தொறங்க. பாப்போம்."