பழனி ரோட்டில் காத்திருந்த லாரி

மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நிற்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா, நம்ம கடையில் ரொம்பக் குரலைத் தாழ்த்திக் கேட்பது மனசுக்கான மாத்திரையைத்தான். திண்டுக்கல்லில் என் கடைக்குப் பக்கத்திலேயே மனநல டாக்டர் இருப்பதால் இந்தக் குசுகுசுப்பு எனக்குத் தினப்படி.

கயிறுதான் பிரச்சினை

அப்படித்தான் வந்தார் பழனிச்சாமி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்துக் கேரளாவுக்குக் காய்கறி லோடு அனுப்புகிறவர். சீட்டில் ஃபுளுவோக்சமைன் எழுதியிருந்தது. செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "மனச்சோர்வு மாத்திரைன்னு போட்டிருக்குதுங்க. எனக்குச் சோர்வெல்லாம் இல்லீங்க" என்று முறைத்தார்.

லாரியில் தார்ப்பாய்க் கயிற்றைச் சரியாகக் கட்டினோமா என்கிற சந்தேகம் அவருக்குத் தீரவே தீராதாம். இழுத்து இழுத்துப் பார்ப்பார். வண்டி கிளம்பின பிறகும் பைக்கில் துரத்திப் போய், பழனி ரோட்டில் மறித்து மறுபடி இழுப்பார். லோடு தினமும் லேட். கூட்டாளியான மச்சினன் பங்கைப் பிரிச்சுக் கொடு என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "சோர்வுக்கு மட்டுமில்லைங்க, விடாம அரிக்கிற இந்த மாதிரி எண்ணத்துக்கும் பதட்டத்துக்கும் இதையேதான் குடுப்பாங்க" என்றேன். அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, கயிறு அவுந்துருமோன்னு நெனைக்கறதும் ஒரு வியாதிங்களா?"

வாபஸ்

மீந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுப்பது நம்ம சனங்களின் பிறவிக்குணம். அடுத்த வாரமே பாதி அட்டையோடு வந்து நின்றார். வயிற்றைப் புரட்டுகிறதாம், பைக் துரத்தலும் நிற்கவில்லையாம். எனக்கு வந்ததே கோபம்! "தலைவலி மாத்திரையா இது, போட்டதும் கேக்க? பலன் தெரியவே பல வாரம் ஆகும். குமட்டல் பெரும்பாலும் போகப் போகக் குறையும். நீங்களா நிறுத்தக் கூடாது, மொதல்ல டாக்டருக்குப் போனைப் போடுங்க!" கடையில் நின்றபடியே போன் போட்டார்; டாக்டர், ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது போடச் சொன்னார். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு அட்டையைப் பையில் போட்டார்.

"டாக்டரு கூட என்னைய இப்படி வையலீங்க."

டிரைவர் போட்ட போன்

அப்புறம் சில மாதம் ஒழுங்காக வாங்கிப் போனார். ஒருநாள் அவர் வீட்டம்மா கண் கலங்க வந்து நின்றதும் எனக்குப் பக்கென்றது.

முந்தின நாள் லோடு கிளம்பியதும், முதலாளி துரத்தி வருவாரே என்று டிரைவர் பழனி ரோட்டில் தானாகவே வண்டியை ஓரங்கட்டிவிட்டார். செத்த நேரமாகியும் ஆளைக் காணோம். பயந்துபோய், "அண்ணே, ஒடம்புக்கு முடியலையா?" என்று போன் போட்டிருக்கிறார். பழனிச்சாமி வீட்டில் மச்சினனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். "கயிறு நல்லாத்தான் இருக்கும், நீ கெளம்பு" என்றாராம். பைக் சாவியை ஒரு தடவை பார்த்தாராம், ஆனால் இலையை விட்டு எழுந்திருக்கவில்லையாம். எனக்கே அப்பாடா என்றிருந்தது. இனி மாத்திரையை நிறுத்திரலாமா என்று அந்தம்மா கேட்டபோது மட்டும், "டாக்டர் மெல்லக் குறைக்கிற வரைக்கும் நிறுத்துறதப் பத்தி மூச்சுவிடக் கூடாது" என்று அதட்டினேன். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பங்கப் பிரிக்கோணும்னு நின்னானே எந்தம்பி, அவனே எந்திரிச்சு மச்சானுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊத்துனானுங்க."

வியாதி தீர்ந்தால் வாடிக்கை போய்விடும் என்று பயப்படுகிற கடைக்காரர்களே, நல்லாயிருக்கிற ஒருத்தர் நல்லாயிருப்பதற்காகவே மாசாமாசம் வந்து நம்மிடம் வசவும் வாங்கிப் போகிற வியாபாரம் வேறெந்தத் தொழிலில் இருக்கிறது, சொல்லுங்கள்.