ஓடாதே, உட்கார்

மகள் யாழினியை நர்சரியில் விடுவதற்காக நாங்கள் தினமும் ஒரு கோல்ஃப் மைதானத்தைக் கடக்கிறோம். இங்கிலாந்தில் இது சாதாரணம். மைதானம் வருவதற்கு முன்பே பாதை இருந்ததாம், அதனால் யாரும் நடக்கலாம். பாதை புல்வெளியைத் தொடும் இடத்தில் ஒரு பலகை இருக்கிறது: ஆட்டக்காரர் அடித்து முடிக்கும்வரை நில்லுங்கள், பேசாதீர்கள். எழுதி வைத்ததை மீறிப் பழக்கமில்லாதவள் நான். முதல் நாள் அசையாமல் நின்றேன். தூரத்தில் மட்டையோடு இருந்தவர் கையை உயர்த்தினார். வணக்கம் சொல்கிறார் என்று நானும் உயர்த்தினேன். அவர் மறுபடி உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். 'முதலில் நீங்கள் போங்கள்' என்பதுதான் அந்தக் கை என்று எனக்குப் புரிவதற்குள் அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே காத்து நின்றது. அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. வேறு வழி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நடைபாதை இல்லாமல் கார்கள் பறக்கும் சாலை. அதைவிட இது மேல் என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். சரியான முடிவுதானா என்று இன்றும் தெரியவில்லை.

குளிர் விடாத ஒரு காலையில் பாதி தூரம் போயிருப்போம், "ஃபோர்!" என்று ஒரு பெண் குரல் அலறியது. பந்து வழிதவறினால் அப்படிக் கத்தி எச்சரிப்பதுதான் இந்த ஆட்டத்தின் முதல் மரியாதை என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அப்படிப்பட்ட அலறல் எனக்குப் பழக்கம். என் ஊர் புதுச்சத்திரத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு பாறைக் கிணறு. வெடிவைத்து ஆழப்படுத்தும்போதெல்லாம் திரியைப் பற்றவைத்துவிட்டு "வேட்டேய்... வேட்டு!" என்று கத்துவார்கள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். கூரைக்குள் நுழைந்த பிறகுதான் திரும்பிப் பார்க்க வேண்டும். நடை பழகியபோதே பழகியது அது. யாழினியை வாரிக்கொண்டு மரங்களை நோக்கி ஓடினேன். ஓட்டத்தில் என் அடுத்த காலடி விழ இருந்த இடத்திலேயே பந்து விழுந்து துள்ளியது.

அடித்த பெண் ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். உதடு வெளுத்திருந்தது. "சாரி" என்றாள். நானும் "சாரி" என்றேன். "நீங்கள் ஏன் சாரி சொல்கிறீர்கள்? எதற்கு ஓடினீர்கள்? ஓடவே கூடாது. இருந்த இடத்தில் உட்கார்ந்து தலையை மூடிக்கொள்ள வேண்டும்" என்று ஆங்கிலத்தில் படபடத்தாள், செய்தும் காட்டினாள். நான் பந்தை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, இரண்டு கைகளாலும் நீட்டினேன். கிடந்த பந்தை அடுத்தவர் தொடக் கூடாது என்பதைப் பிறகுதான் படித்தேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலையே சமையலறையில் பயிற்சி தொடங்கிவிட்டது. நான் "ஃபோர்!" என்று கத்துவேன். யாழினி குத்தவைத்து உட்கார்ந்து தலைமேல் கைகளைக் கோத்துக்கொள்வாள்.

"ஏம்மிணி, நாலு வயசுப் புள்ளையப் பட்டாளத்துக்கு அனுப்பறயா?" என்றார் கணவர்.

"சிரிக்காதீங்க. நான் பக்கத்துல இல்லீனா அவ என்ன பண்ணுவா?"

"செரி, எனக்குஞ் சொல்லிக்குடு" என்று அவரும் உட்கார்ந்தார். முட்டி சொடக்கிட்டது.

கொஞ்ச நாளில் யார் எங்கே கத்தினாலும் அவள் உட்கார்ந்தாள். குழந்தைக்குப் பயத்தையா பழக்குகிறேன் என்று ஒரு பக்கம் உறுத்தினாலும், இனி ஆபத்தில்லை என்று நிம்மதியாகவும் இருந்தது.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். தண்ணீர் கீழே போய்விட்டதென்று அண்ணன் கிணற்றில் மறுபடி வேட்டு வைத்துக்கொண்டிருந்தார். "வேட்டேய்!" என்றதும் அண்ணியும் நானும் வேலையாட்களும் வீட்டுக்குள் ஓடினோம். உள்ளே வந்து திரும்பினால் யாழினி இல்லை. வெளியே, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில், சொல்லிக்கொடுத்தது சொல்லிக்கொடுத்தபடியே உட்கார்ந்து தலையை மூடியிருந்தாள்.

"ஐயோ சாமி, ஓடியா! ஓடியா!" என்று அண்ணி கத்தினார். அந்தச் சத்தத்துக்கு அவள் இன்னும் குறுகினாள். நான் வாயைத் திறந்தேன். என் குரலுக்கும் அவள் உட்காரத்தானே செய்வாள்? அப்படித்தானே பழக்கினேன்? அதற்குள் கால்கள் அவளை நோக்கி ஓடிவிட்டன. அவளைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது வெடித்தது. தொட்டியோரம் கையகலக் கல்லொன்று சொத்தென்று விழுந்தது.

அண்ணன் மூச்சிரைக்க வந்தார். "ஏனம்மிணி, வேட்டுன்னா ஓடோணும்னு புள்ளைக்குச் சொல்லித் தரமாட்டயா?"

"இல்லீங்கண்ணா, உக்காரச் சொல்லித் தந்திருக்கறேன்" என்றேன்.

என் இடுப்பில் இருந்த யாழினி அப்போதும் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "அம்மா, நீ ஓடின. ஓடக் கூடாதுன்னு நீதானே சொன்ன?" என்றாள்.

இப்போது மறுபடியும் பலகையின் முன் நிற்கிறோம். இங்கே உட்காரணும், மாமா ஊரில் ஓடணும் என்று யாழினி தெளிவாக ஒப்பிக்கிறாள். தூரத்தில் ஒருவர் கையை உயர்த்துகிறார். தலையசைத்துவிட்டுப் புல்வெளியில் இறங்குகிறோம். பாதி வழியில் எங்கோ யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். என் முழங்கால்கள் உட்கார மடங்குகின்றன, குதிகால் ஓடுவதற்கு எழும்புகிறது.

"அம்மா, நேரா நட" என்று அவள் என் கையை இழுக்கிறாள்.